காயம்பட்ட நகரமே கேட்டது: எங்கள் பெயரால் உரிமையைப் பறிக்காதே!



சில வாரங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில், கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை முழுதாக நீக்க வேண்டும் என்று கேட்கும் காகிதம் அது. ஒரு அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது நமக்கு எதுக்குங்க? தப்பு செஞ்சவனத்தானே புடிக்கிறான். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்றார். பக்கத்தில் கூடையோடு நின்ற அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். "ஈஸ்டர் அன்னைக்குக் கோயில்ல குண்டு வச்சாங்களே, அவங்களுக்கு இந்தச் சட்டம் வேணும்தான்" என்றார்.

இருவரும் கெட்டவர்கள் அல்ல. சங்கத்துக்குச் சந்தா தவறாமல் கட்டுகிறவர்கள். அவர்கள் சொன்னதைத்தான் பல தோட்டங்களிலும் சொல்கிறார்கள். ஆகவே அதற்கு இங்கேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் கதையிலிருந்து தொடங்கினால், "நீங்கள் எப்போதும் இதைத்தான் சொல்வீர்கள்" என்பார்கள். எனவே தூரத்து நகரம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். பயங்கரவாதிகள் மேல் கோபப்பட எல்லா நியாயமும் இருந்த நகரம் அது. அந்த நகரம் என்ன சொன்னது என்று பாருங்கள்.

செத்தவர்கள் யார்?

2001 செப்டெம்பர் 11 காலை, கடத்தப்பட்ட இரண்டு விமானங்கள் நியூயோர்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களில் மோதின. அந்த நகரத்தில் மட்டும் 2,753 பேர் இறந்தார்கள். "பணக்காரர்களின் கோபுரம்" என்று நம்மில் பலர் நினைத்தோம். ஆனால் அங்கே செத்தவர்களில் தொழிலாளர்கள் ஏராளம். தீயணைக்கப் படியேறிப் போன 343 தீயணைப்புப் படையினர் திரும்பி வரவில்லை. வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த உணவகத்தில் சமையல்காரர், பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர் என்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இறந்தார்கள். அவர்கள் சங்கத்தில் இருந்தவர்கள். பலர் வேறு நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள். கோபுரத்தைக் கூட்டித் துடைத்தவர்களும், லிஃப்ட் இயக்கியவர்களும், காவல் நின்றவர்களும் அதே புகையில் போனார்கள்.

இத்தனை பேரைப் பறிகொடுத்த நகரம் பழிவாங்கு என்று கத்தியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் அதே வாரத்தில் யூனியன் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏற்றி நின்றார்கள். எங்கள் துக்கத்தைக் காட்டி யுத்தம் செய்யாதீர்கள் என்று அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். பெற்ற பிள்ளையை, கூடப் பிறந்தவரை இழந்த குடும்பத்தார் சிலர் 2002 தொடக்கத்தில் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் ஆப்கானிஸ்தானுக்கே போனார்கள். அமெரிக்கக் குண்டுவீச்சில் பிள்ளைகளை இழந்த வீடுகளில் போய் உட்கார்ந்து, சேர்ந்து அழுதார்கள். "எங்கள் பெயரைச் சொல்லி இவர்களைக் கொல்லாதீர்கள்" என்பதுதான் அவர்கள் தங்கள் அரசாங்கத்துக்குச் சொன்ன செய்தி.

45 நாளில் ஒரு சட்டம்

அரசாங்கம் கேட்கவில்லை. ஒக்டோபர் 7இல் ஆப்கானிஸ்தான் மேல் குண்டு விழத் தொடங்கியது. ஒக்டோபர் 26இல், தாக்குதல் நடந்து 45ஆம் நாளில், ஜனாதிபதி புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு வைத்த பெயர் 'பேட்ரியட்' சட்டம். தேசபக்திச் சட்டம் என்று அர்த்தம். பெயரிலேயே பொறி இருக்கிறது. எதிர்த்தால் நீ தேசபக்தன் இல்லை!

நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்தச் சட்டமூலத்தை ஒழுங்காக வாசிக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் 357 பேர் ஆதரவு, 66 பேர் எதிர்ப்பு. செனட் சபையில் 98 பேர் ஆதரவு. எதிர்த்தவர் ரஸ் ஃபைன்கோல்ட் என்ற ஒரே ஒருவர். யார் எந்த நூலகத்தில் என்ன புத்தகம் எடுத்தார், யாரோடு தொலைபேசியில் பேசினார், வங்கியில் என்ன செய்தார் என்பதை எல்லாம், அந்த ஆளுக்கே தெரியாமல் எடுத்துப் பார்க்க அரசுக்கு வழி பிறந்தது. சில பிரிவுகள் நான்கு வருடங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லித்தான் நிறைவேற்றினார்கள். அந்த நான்கு வருடம் நீண்டுகொண்டே போனது. நாட்டு மக்களின் தொலைபேசிப் பதிவுகளை எல்லாம் மொத்தமாக அள்ளிச் சேர்த்திருந்தார்கள் என்பது 2013இல்தான் வெளியே வந்தது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்று நியூயோர்க்கில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015இல். கோபுரம் விழுந்து பதினான்காம் வருடம்!

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?"

அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். தாக்குதலுக்குப் பின் பிடிக்கப்பட்டவர்களில், விசா, குடிவரவுக் காரணம் காட்டி அடைக்கப்பட்ட 762 பேரைப் பற்றி அமெரிக்க நீதித் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகரே விசாரித்து 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். எதிர்க்கட்சி எழுதிய அறிக்கை அல்ல, அரசின் சொந்த அறிக்கை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் நியூயோர்க் பகுதியில் பிடிக்கப்பட்டவர்கள். மற்ற எந்த நாட்டவரையும்விட பாகிஸ்தானியர்களே அதிகம். டாக்சி ஓட்டியவர்கள், கடையில் நின்றவர்கள், கட்டட வேலை செய்தவர்கள்.

எப்படிப் பிடித்தார்கள்? வீதியில் வாகனத்தை மறித்தபோது கண்ணில் பட்டவர்கள் சிலர். யாரோ தொலைபேசியில் சொல்லிப் பிடிபட்டவர்கள் சிலர். ஒரு பலசரக்குக் கடையில் மத்திய கிழக்கு ஆட்கள் இரவு பகலாக முறை வைத்து வேலை செய்கிறார்கள் என்று பெயர் சொல்லாத ஒருவர் தகவல் கொடுத்ததும் அந்த அறிக்கையில் இருக்கிறது. இரவு பகலாக உழைத்ததே சந்தேகத்துக்குக் காரணம் ஆகிவிட்டது!

இவர்கள் நிரபராதி என்று பொலிசார் தீர்மானிக்க எடுத்த காலம் சராசரியாக 80 நாட்கள். அதுவரை உள்ளே. புரூக்ளின் தடுப்பு நிலையத்தில் அடைக்கப்பட்டவர்களின் அறையில் இரவும் பகலும் விளக்கு எரிந்தது. சட்டத்தரணியைக் கூப்பிடவும் வீட்டுக்குத் தகவல் சொல்லவும் முடியாமல் வாரக்கணக்கில் கிடந்தார்கள். சிறைக்காவலர்கள் சிலரை அடித்தார்கள், சுவரில் மோதினார்கள். அந்த 762 பேரில் செப்டெம்பர் 11 தாக்குதலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த வருடம், குறிப்பிட்ட நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் எல்லோரும் நேரில் வந்து பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிட்டத்தட்ட எல்லாமே முஸ்லிம் நாடுகள். 80,000க்கும் மேற்பட்டவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தாங்களாகவே போய்ப் பதிந்தார்கள். அவர்களில் 13,000க்கும் அதிகமானோர் மேல் நாடு கடத்தும் நடவடிக்கை எடுத்தார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் யாரும் இல்லை. புரூக்ளினில் பாகிஸ்தானியர் வாழ்ந்த தெருக்களில் கடைகள் மூடின. குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள்.

அண்ணன், தப்பு செய்யாதவர்களுக்கு இதுதான் நடந்தது.

தொழிலாளர் கழுத்திலும் விழுந்தது

இது முஸ்லிம்களோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. இதை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2001 நவம்பரில் விமான நிலையப் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் வந்தது. பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலைக்குக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் அந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பலர் பிலிப்பைன்ஸில் இருந்து வந்தவர்கள். வருடக்கணக்காக வேலை செய்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். குடியுரிமை இல்லாதவர் அமெரிக்கப் படையில் சேர்ந்து சாகலாம், விமான நிலையத்தில் பை சோதிக்கக் கூடாது! 1948இல் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட நமக்கு இந்த வேதனையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக எடுத்தவர்களுக்காவது சங்க உரிமை கொடுத்தார்களா? 2003 ஜனவரியில் அந்தத் துறையின் தலைவர் உத்தரவு போட்டார். இவர்கள் கூட்டுப் பேரம் பேச முடியாது, ஏனென்றால் நாட்டின் பாதுகாப்பு.

2002இல் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டு ஒப்பந்தத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த டொம் ரிட்ஜ் சங்கத் தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வேலைநிறுத்தம் நாட்டின் பாதுகாப்புக்கு நல்லதல்ல என்றார். கடைசியில் துறைமுகத்தை மூடியது தொழிலாளர்கள் அல்ல, கதவடைப்புச் செய்தவர்கள் முதலாளிகள். அப்போதும் ஜனாதிபதி 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பேரம் பேசும் பலத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கினார். முதலாளி பூட்டினால் வியாபாரம், தொழிலாளி நிறுத்தினால் நாட்டுக்கு ஆபத்து. நம் சம்பளப் போராட்டங்களில் கேட்ட பாட்டு மாதிரியே இல்லையா?

நகரம் எழுந்து நின்றது

இந்த நிலையில்தான் அமெரிக்காவின் ஊர்களும் நகரங்களும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. பேட்ரியட் சட்டத்தால் எங்கள் ஊரார் உரிமையை மீறாதே என்று சிறு ஊர்ச் சபைகள் தீர்மானம் போட்டன. நூலகர்கள் தங்கள் வாசகர்களின் பக்கம் நின்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களும், ஹவாய், அலாஸ்கா, வெர்மொன்ட் ஆகிய மூன்று மாநிலங்களும் அப்படிச் சொன்ன பிறகு, "அவர்களுக்கு என்ன தெரியும், அடிபட்டது நியூயோர்க் அல்லவா" என்று சொல்ல இடம் இருந்தது.

நியூயோர்க்கே பதில் சொன்னது. ஈராக் மேல் படையெடுக்க அரசாங்கம் ஆயத்தமான நேரம், 2003 பெப்ரவரி 15இல், பல லட்சம் பேர் அந்த நகரத்தில் திரண்டார்கள். பாதுகாப்பைக் காரணம் காட்டி ஊர்வலம் போக அனுமதி மறுத்தார்கள், நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டியது. மக்கள் குளிரில் நின்ற இடத்திலேயே நின்று கோஷம் எழுப்பினார்கள். தொழிற்சங்கக் கொடிகளும் அங்கே இருந்தன. அடுத்த மாதம் 12ஆம் தேதி நியூயோர்க் மாநகர சபை 31க்கு 17 என்ற வாக்கில் அந்த யுத்தத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2004 பெப்ரவரி 4இல் அதே சபை பேட்ரியட் சட்டத்தின் அத்துமீறல்களுக்கு எதிராகவும், நகர மக்களின் உரிமைகளைக் காக்கவும் இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியது.

அடிபட்ட நகரத்தின் சபை சமாதானத்தையும் கேட்டது, உரிமையையும் கேட்டது. ஒன்றை விட்டு மற்றது நிற்காது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

"தீர்மானத்தால் யுத்தம் நின்றதா?" என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. அடுத்த வாரமே ஈராக் மேல் குண்டு விழுந்தது. சொன்ன பேரழிவு ஆயுதம் அங்கே இருக்கவில்லை என்பது பிறகு உலகத்துக்கே தெரிந்தது. இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சபை உரிமை பேசிய அதே காலத்தில், அந்த நகரத்தின் பொலிசே பள்ளிவாசல்களையும் முஸ்லிம் மாணவர் சங்கங்களையும் கடைகளையும் இரகசியமாக வேவு பார்த்துக்கொண்டிருந்தது. 2011இல் பத்திரிகையாளர்கள் அதை வெளியில் கொண்டுவந்தார்கள். பல வருட வேவில் ஒரு பயங்கரவாத விசாரணைக்குக்கூட அது வழிகாட்டவில்லை என்று பொலிஸ் அதிகாரியே சத்தியம் செய்து சொன்னார். 2014இல் அந்தப் பிரிவைக் கலைத்தார்கள்.

ஆகவே, தீர்மானம் போட்டால் போதும் என்று சொல்ல வரவில்லை. தீர்மானம் போட்ட பிறகும் விழித்திருக்க வேண்டும். ஆனால் அதுவும் போடாமல் இருந்திருந்தால்? செத்தவர்களின் பெயரால் பேசும் உரிமை முழுவதும் யுத்தக்காரர்களுக்கே போயிருக்கும். விளக்கு அணையாத அறையில் கிடந்த டாக்சிக்காரனின் குடும்பம், இந்த ஊரில் நமக்காகப் பேச யாருமில்லை என்றே நினைத்திருக்கும்.

இனி நம் வீட்டுக் கதை

அமெரிக்கர்கள் 2001இல் கண்டதை நாம் 1979இலேயே கண்டோம். அந்த வருடத்தில் வந்தது 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகம், மூன்று வருடம்தான் என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதே 1979இல் வந்தது 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம். ஒன்று தமிழனைப் பிடிக்க, மற்றது வேலைநிறுத்தக்காரனைப் பிடிக்க என்று நினைத்தோம். இரண்டும் ஒரே கையில் இருந்த இரண்டு தடிகள். அடுத்த வருடம், 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில், பல்லாயிரம் தொழிலாளர்களின் வேலையைப் பறித்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும். அடித்து வாங்கினார்கள் என்றால், அதைப் பிடிபட்டவரே நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் உள்ளே போய், வருடக்கணக்கில் விளக்கமும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் கிடந்த தோட்டத்துப் பிள்ளைகளை மலையகம் மறக்கவில்லை.

2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரை எழுப்பி, பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். காரணம் பாதுகாப்பு. அப்போது கொழும்பில் சிலர் எழுந்து நின்றார்கள். ஒரு சிவில் அமைப்பு மறுநாளே உயர் நீதிமன்றம் போய், வெளியேற்றத்தை நிறுத்தும் உத்தரவு வாங்கியது. பிறகு பிரதமரே வருத்தம் தெரிவித்தார். எதிர்த்தால் ஒன்றும் நடக்காது என்பவர்கள் அந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்கட்டும்.

அக்காவுக்கு ஒரு வார்த்தை

அக்கா, 2019 ஏப்ரல் 21 நமக்கும் காயம்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகாத தோட்டம் உண்டா? சாதி மதம் பார்க்காமல் போகிறோம். மூன்று கோயில்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தக் கொலைக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. செய்தவனையும் செய்ய வைத்தவனையும் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டிக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்ததே! நாற்பதாவது வருடத்தில் இருந்தது. குண்டைத் தடுத்ததா? முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் கடமையைச் செய்யவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியையும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளையும் குற்றம் கண்டு, நட்டஈடு கட்டச் சொன்னது. அமெரிக்காவிலும் அப்படித்தான். கையில் இருந்த தகவல்களை அதிகாரிகள் ஒருவரோடு ஒருவர் பகிர்ந்து சேர்த்துப் பார்க்கவில்லை என்று அவர்களின் விசாரணைக் குழு 2004இல் சொன்னது. இரண்டு நாட்டிலும் குறை சட்டத்தில் அல்ல, மேலே இருந்தவர்களின் கடமையில். தண்டனை மட்டும் கீழே இருந்தவர்களுக்கு.

குண்டு வெடித்த அடுத்த மாதம் குருநாகல், மினுவாங்கொடை பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஹசலகயில் ஒரு பெண்ணை, உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி உள்ளே போட்டார்கள். மன்னாரைச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர் தமிழில் ஒரு கவிதைப் புத்தகம் எழுதியிருந்தார். 2020இல் அவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

நேற்று நம் பிள்ளையைப் பிடித்தபோது, "ஏதாவது செய்திருப்பான்" என்று சொன்னவர்கள் மேல் நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! இன்று அதே வார்த்தையை இன்னொருவர் பிள்ளையைப் பார்த்து நாம் சொல்லலாமா?

செய்ய வேண்டியவை

ஒன்று: கையெழுத்துக் காகிதம் உங்கள் தோட்டத் தலைவரிடமும் தலைவியிடமும் இருக்கிறது. வாசித்துப் பார்த்துப் போடுங்கள். பெயரை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவருவதையும் ஏற்க வேண்டாம். 2018இலும் 2023இலும் அப்படிச் சட்டமூலங்கள் வந்தன. பயங்கரவாதம் என்ற சொல்லுக்குள் போராட்டங்களையும் இழுத்துப் போடலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எந்தச் சட்டமூலம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: வேலைநிறுத்தம் செய்தால் இதில் என்னைப் பிடிக்க முடியுமா?

இரண்டு: இந்தச் சட்டத்தில் யாரையாவது பிடித்தால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது பிடித்தவர்களின் கடமை. ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அறிவித்தார்களா என்று நீங்களே ஆணைக்குழுவைக் கேளுங்கள். சங்கக் காரியாலயத்துக்கும் உடனே சொல்லுங்கள். பிடிபட்டவர் எந்த மதம், எந்தச் சங்கம் என்று நாம் கேட்க மாட்டோம்.

மூன்று: அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைப் பற்றிப் பேசி ஒரு தீர்மானம் எழுதி அனுப்புங்கள். "நம் தீர்மானத்தை யார் பார்ப்பார்கள்" என்று யோசிக்க வேண்டாம். அமெரிக்காவிலும் சின்னச் சின்ன ஊர்கள்தான் முதலில் எழுதின. நியூயோர்க் அதற்குப் பிறகுதான் எழுதியது.

அந்த அண்ணனிடமும் அக்காவிடமும் மறுபடி போகப் போகிறோம். இந்த இதழும் காகிதமும் கையில் இருக்கும்.